கோழிக்குத் தாம்பூலம் வைத்த பேண்டு செட்

ஓட்டைக்குளம் என்கிற ஊரில் மழை பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் குடையை விரிப்பார்கள். வெற்றிமுழக்கம் பேண்டு செட்டுக்காரர்கள் நாலு பேரும், குடை நனைந்துவிடக் கூடாதே என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுவார்கள். ஆட்களைப் புரிந்துகொள்ள இதுவே போதும். ஆனாலும் பெயரைச் சொல்லாமல் ஒருவரை முட்டாள் என்பது மரியாதை இல்லை அல்லவா?

கிளாரினெட் ஊதுபவர் குழந்தைவேலு மாஸ்டர். குழுவின் மூளை அவர்தான். மற்ற மூன்று பேரும் தங்களுடையதையும் அவரிடமே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். டிரம்பெட் அருளப்பன், எதிலும் சந்தேகம் கேட்பவன். ஜால்ரா அடிப்பவன் சன்னாசி. அந்தத் தொழிலை ஊரில் பல பேர் செய்துவந்தாலும், கையில் தாளத்தை வைத்துக்கொண்டு பகிரங்கமாகச் செய்தவன் அவன் ஒருவன்தான். பெரிய டிரம் பிச்சைமணி. அவனுடைய தொந்தியும் டிரம்மும் ஒரே அளவு. முன்னால் வருவது எது என்று கல்யாண வீட்டார் பலமுறை குழம்பியிருக்கிறார்கள்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் மாஸ்டர் பிச்சைமணியின் தோளைத் தட்டி, "இன்னிக்கு வாசிப்புல கிழிச்சுறணும்டா" என்றார். மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள் பிச்சைமணி கிழித்துவிட்டான். டிரம்மின் இடது பக்கத்துத் தோலில் ஒரு பூசணிக்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாத மாதத்தில் பேண்டு செட்டுக்கு வீடு கொடுக்கவும் யாரும் கிடையாது. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், "சாமானைத் தூக்குங்கடா" என்றார். தூக்கினார்கள். தூக்கியபடியே சாயங்காலம் வரைக்கும் நின்றார்கள். கீழே வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அப்படி நின்றவர்களைப் பார்த்து இரக்கப்பட்டவள் அங்கம்மாள். இரக்கம் பாதி, தேவை பாதி. திருமங்கலத்தில் அவள் மகளுக்குப் பிரசவ நேரம். கொல்லையில் நாலு கோழி, ஒரு சேவல். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கொல்லைக் கொட்டகையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள்.

பஸ் ஏறப் போகிற அவசரத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"இங்க பாருங்கப்பா, காலையில பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டதும் கோழிக்குத் தண்ணி காட்டுங்க. கீரிப்புள்ள வரும், கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கணும். முட்டைய எடுக்குறப்ப கூடையில ஒண்ண மட்டும் விட்டு வைக்கணும். எல்லாத்தையும் எடுத்துட்டா கோழி எடத்தை மாத்திரும். நான் திரும்பி வர்றப்ப முட்டை இருந்தா நீங்களும் இருங்க. முட்டை இல்லேன்னா உங்களுக்கு இங்க எடம் இல்ல. புரியுதா?"

"புரியுதுக்கா" என்றார் மாஸ்டர்.

"புரியுதுக்கா" என்றான் சன்னாசி.

இரண்டு பேரும் சொன்னது பொய். ஆனால் மனதாரச் சொன்ன பொய்.

மறுநாள் காலை, கோழிகளைக் கவிழ்த்து மூடியிருந்த மூங்கில் பஞ்சாரத்தைத் தூக்கினார்கள். பிச்சைமணி ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தான். கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தன. சட்டியை ஒவ்வொரு கோழியின் முகத்துக்கு நேராகவும் பிடித்துக் காட்டிவிட்டுக் கொண்டுபோய்க் கவிழ்த்தான்.

"நல்லாப் பாத்துச்சா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ரெண்டு கண்ணாலயும் பாத்துச்சு மாஸ்டர். அந்த வெள்ளைக்கோழி மட்டும் குடிக்கப் பாத்துச்சு. நான் விடல."

"காட்டச் சொல்லித்தான் அக்கா சொல்லிருக்கு. குடிக்க விடச் சொல்லல."

பக்கத்து வீட்டுப் பூரணத்தம்மாள் பாத்திரம் துலக்கிய தண்ணீர் வேலிக்கு அடியால் வழிந்து வந்துகொண்டிருந்ததால் கோழிகள் பிழைத்தன. பகவான் முட்டாள்களுக்குத் துணை இருக்கிறாரோ இல்லையோ, அவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சில சமயம் இருக்கிறார்.

அடுத்தது விளக்கெண்ணெய். மாஸ்டர் மல்லாந்து படுத்தார். சன்னாசி இரண்டு கண்ணிலும் விட்டான். பிறகு அவர் மற்றவர்களுக்கு விட்டார். நாலு பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து கோழிகளைக் கண்காணித்தார்கள். உலகம் வழவழவென்று இருந்தது.

"கோழி தெரியுதா?"

"நாலு மஞ்சளா ஏதோ தெரியுது மாஸ்டர்."

"கோழி நாலுதான. சரியா இருக்கு."

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கொடியில் காய்ந்த நாலு மஞ்சள் துண்டு. கோழிகள் அப்போது பூரணத்தம்மாளின் கீரைப் பாத்தியில் இருந்தன.

அன்றைக்கு முட்டைக்கூடையில் இரண்டு முட்டை இருந்தது. தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அக்கா சொன்னபடி ஒன்றை விட்டு வைக்க வேண்டும். இங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

"விட்டு வைக்கலாம். ஆனா பச்சையா வச்சா கெட்டுப் போயிருமே?" என்றான் அருளப்பன்.

மாஸ்டர் யோசித்தார். "கெட்ட முட்டைய அக்கா தலையில கட்டுனா நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?"

"அவிச்சு வைப்போமா?" என்றான் பிச்சைமணி.

"அவிச்சதை உரிக்காம வைக்கணுமா, உரிச்சு வைக்கணுமா? அக்கா அதைச் சொல்லல" என்றான் அருளப்பன்.

நீண்ட விவாதம் நடந்தது. எப்படி வைக்கச் சொன்னாள் என்று தெரியாதபோது, ஒரு முட்டைக்குச் செய்யக்கூடிய அதிகபட்ச மரியாதையைச் செய்துவிடுவது என்று முடிவானது. வெங்காயம், பச்சைமிளகாய், மேலே கொஞ்சம் மிளகுத்தூள். வட்டமாக, ஓரம் முறுகலாக ஓர் ஆம்லெட் போட்டு, வாழை இலைத் துண்டில் வைத்துக் கூடைக்குள் பக்குவமாக இறக்கினார்கள்.

கோழிகளில் மூத்தவள் செவலைக்கோழி. அவளுக்கு அங்கம்மாள் மைனா என்று பெயர் வைத்திருந்தாள். அடுத்த முறை முட்டையிட வந்த மைனா, கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கண்ணால் பார்த்தாள். தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தாள். நேற்று தான் பெற்றது இன்றைக்கு வெங்காயத்தோடு படுத்திருக்கிறது. ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், மற்ற மூன்று கோழிகளும் ஓடிவந்து எட்டிப் பார்த்தன. அதற்குப் பிறகு அந்தக் கூடைப் பக்கம் ஒரு கோழியும் போகவில்லை.

"மொளகு தூக்கலாப் போச்சோ?" என்றார் மாஸ்டர் கவலையோடு.

"தூக்கல்தான் மாஸ்டர்" என்றான் சன்னாசி.

கொட்டகையின் மூலையில் பிச்சைமணியின் டிரம் கிடந்தது. வயிறு கிழிந்தவனை நிற்க வைக்கலாமா என்று, அவன் அதை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தான். காயத்துக்குப் பஞ்சு வைப்பதுபோல உள்ளே வைக்கோலும் திணித்திருந்தான். நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று யாரையும் கிட்டே விடவில்லை. இருட்டு, கதகதப்பு, வைக்கோல், தொந்தரவு இல்லை. ஒரு கோழிக்கு வேறு என்ன வேண்டும்? மைனா ஓட்டை வழியாக உள்ளே போனாள். சற்று நேரம் கழித்து வெளியே வந்து கொக்கரித்தாள். அடுத்து வெள்ளைக்கோழி போனது. அதுவும் வந்து கொக்கரித்தது.

விளக்கெண்ணெய்க் கண்ணோடு உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் அது மங்கலாகத் தெரிந்தது, காதில் மட்டும் தெளிவாக விழுந்தது.

"டிரம்முக்குள்ள போறாளுங்க, வெளிய வந்து பாடுறாளுங்க. என்ன மாஸ்டர் இது?" என்றான் அருளப்பன்.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "தெரியலியாடா? சாதகம் பண்ணுதுங்க. நம்ம சகவாசம். இனி இதுங்க முட்டை போடாது. கலையில இறங்கினவனுக்கு வேற வேலை ஓடுமா? நாம இத்தனை வருசத்துல வேற ஏதாவது வேலை பாத்திருக்கமா?"

"கொரலு நல்லாத்தான் இருக்கு" என்றான் பிச்சைமணி. தன் டிரம்முக்குச் சிஷ்யைகள் கிடைத்ததில் அவனுக்குக் கண் கலங்கியது. விளக்கெண்ணெயும் சேர்ந்து வழிந்தது.

பெருமை ஒருபக்கம் இருக்கட்டும், கூடை காலியாக இருந்தது. அங்கம்மாள் வந்தால் வெளியே போகச் சொல்வாள். ஆடி மழைக்கும் காற்றுக்கும் எங்கே போவது? பிச்சைமணிக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்றாவது முறை போட்டது இறங்கவில்லை.

கடைசியில் வேலியைத் தாண்டிப் பூரணத்தம்மாளிடம் யோசனை கேட்டார்கள்.

"அடைக்கு உக்காந்திருக்கும்டா. அடைக்கு உக்காந்த கோழி முட்டை போடாது. தண்ணியில ரெண்டு முக்கு முக்குங்க, அடை தெளிஞ்சிரும்" என்றாள் அவள், கீரை போன கோபத்திலும் ஒரு நல்ல வார்த்தையாக.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டீங்களாடா? அது பாவம் அடைக்கு உக்காந்திருக்கு. நாம என்னடான்னா கம்பையும் நொய்யையும் போட்டுக்கிட்டிருக்கோம்!"

அன்றே துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரிசியும் ஊறின. காய்ந்த மிளகாய் போட்டுக் கரகரப்பாக அரைத்து, நல்லெண்ணெய் விட்டுக் கனமாக அடை சுட்டார்கள். பூரணத்தம்மாள் சொன்னது மறந்துபோகவில்லை. முதல் அடையைத் தண்ணீர்ச் சட்டியில் இரண்டு முக்கு முக்கினார்கள். அடை பிய்ந்து தண்ணீரோடு கலந்தது.

"தெளிஞ்சிருச்சா?"

அருளப்பன் குனிந்து பார்த்தான். "இல்ல மாஸ்டர், கலங்கலாத்தான் இருக்கு."

"பொறு. தெளியும்."

சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடை தெளியவில்லை. முக்காத அடைகளைச் சேவலும் பிச்சைமணியும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

மறுபடி வேலிக்குப் போனார்கள். "அப்பச் சுண்ணாம்புச் சத்து பத்தலையா இருக்கும். சுண்ணாம்பு வைங்க, போங்க" என்று சொல்லிப் பூரணத்தம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வெறும் சுண்ணாம்ப யாருக்காவது வைப்பாங்களா மாஸ்டர்?" என்றான் அருளப்பன்.

அவன் வாழ்க்கையில் கேட்ட சந்தேகங்களிலேயே மாஸ்டரை உலுக்கிய சந்தேகம் அதுதான். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அடேய்! இப்பத்தாண்டா வெளங்குது. தாம்பூலம்! கல்யாண வீட்டுக்காரங்க வெத்தலை பாக்கு வச்சு முறையா அழைக்காம நாம என்னிக்காவது வாசிச்சிருக்கமா? நமக்கே அப்படின்னா, பொம்பளைங்க அதுங்க. கூப்பிடாம எப்படி வந்து முட்டை போடும்?"

மாஸ்டர் குளித்து, திருநீறு பூசி, கல்யாணத்துக்குப் போடும் பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார். தட்டில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, ஒரு சீப்பு வாழைப்பழம். நாலு பேரும் கொல்லையில் வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் மைனாவின் முன்னால் தட்டை நீட்டி, "அம்மா, வர்ற வெள்ளிக்கிழமை காலையில நல்ல நேரத்துல ஒரு முட்டை. குடும்பத்தோட வந்து போட்டுக் குடுக்கணும்" என்று கும்பிட்டார். சன்னாசி ஜால்ராவை ஒரு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தத்தில் மைனா கூரைமேல் ஏறிவிட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேங்குது" என்றார் மாஸ்டர்.

வாழைப்பழத்தைச் சேவல் தின்றது. அப்போதுதான் எல்லாருடைய பார்வையும் சேவலின்மேல் திரும்பியது.

"இவன் ஒருத்தன் இருக்கான்ல? அடையத் தின்னான், பழத்தத் தின்னான், விடிஞ்சும் விடியாம நம்மள எழுப்பிவிடுறான். இத்தனை நாள்ல இவன் ஒரு முட்டை போட்டு யாராவது பாத்திருக்கமா?" என்றான் பிச்சைமணி.

யாரும் பார்க்கவில்லை. கூச்ச சுபாவமாக இருக்கும் என்று சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுத்து, பஞ்சாரத்தால் மூடி, மேலே ஒரு போர்வையும் போட்டுத் தனிமை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். சேவல் உள்ளேயிருந்து திட்டிக்கொண்டே இருந்தது. முட்டை மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கோழிகள் வரவில்லை. அங்கம்மாள் வந்துவிட்டாள்.

பேரன் பிறந்த சந்தோஷத்தில் கொல்லைக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றாள். போர்வை போர்த்திய பஞ்சாரம் கத்திக்கொண்டிருந்தது. கூரைமேல் கோழி. தட்டில் வாடிய வெற்றிலை. கண்ணில் எண்ணெய் வழிய நாலு தடியன்கள்.

"முட்டை எங்கடா? புள்ள பெத்தவளுக்குக் கொண்டுபோகணும்."

"நீங்க சொன்ன மாதிரி ஒண்ண விட்டு வச்சிருக்கோம்க்கா" என்று மாஸ்டர் கூடையை நீட்டினார்.

ஆம்லெட் காய்ந்து செருப்புத் தோல்போல இருந்தது. வெங்காயத்தை எறும்பு கொண்டுபோயிருந்தது. அங்கம்மாள் அதையே பார்த்தாள். பிறகு வந்த கோபத்தில் அவள் குரல் குளக்கரை வரைக்கும் கேட்டது.

"இத்தனை நாளு தீனி தின்னுட்டு ஒரு முட்டைக்கு வழியில்லையா? முட்டை போடாதது ஒண்ணுகூட என் வீட்ல இருக்கக் கூடாது! இப்பவே வெளிய போகணும்!"

கோழிகளைக் கறிக்கடைக்குப் பிடித்துப்போகக் கயிறு தேடி அவள் உள்ளே போனாள். நாலு பேரும் வட்டமாக நின்றார்கள்.

"அக்கா சொல்றது நமக்கும் பொருந்துதே" என்றார் மாஸ்டர் தணிந்த குரலில். "அருளப்பா, நீ போட்டிருக்கியா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல மாஸ்டர்."

"சன்னாசி?"

"நீங்க போட்டிருந்தா நானும் போட்டிருக்கேன் மாஸ்டர்."

"நான் போடலடா."

"அப்ப நானும் போடல மாஸ்டர்."

பிச்சைமணி அழுதுவிட்டான். இந்தக் கொட்டகையில்தான் அவனுக்கு முதல்முதலாகக் குறட்டை விட்டால் யாரும் உதைக்காத ஒரு மூலை கிடைத்திருந்தது. அதுவும் போயிற்று.

"நியாயம்னா எல்லாருக்கும் நியாயம்" என்று சொல்லி, பஞ்சாரத்தைத் தூக்கிச் சேவலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார் மாஸ்டர். "வாசிச்சுக்கிட்டே வந்தோம், வாசிச்சுக்கிட்டே போவோம். எடுங்கடா."

வெளியே தூறல் போட்டது. நாலு பேரும் குடையைச் சட்டைக்குள் பத்திரப்படுத்தினார்கள். பிச்சைமணி டிரம்மைத் தூக்கித் தொந்திமேல் மாட்டினான்.

"என்ன மாஸ்டர், கனமா இருக்கு?"

"மனசு கனத்தா எல்லாம் கனக்கும்டா. அடி."

அவன் நல்ல பக்கத்தில் ஓங்கி ஒன்று போட்டான். தொம் என்று வரவேண்டிய இடத்தில் சளக் என்று வந்தது. இன்னொன்று போட்டான். சளக், சளக். தெருமுனைக்குப் போவதற்குள் அவன் நின்றுவிட்டான். தொந்திக்குக் கீழே வேட்டி மஞ்சளாக நனைந்து, முழங்கால் வழியாகக் கொழகொழவென்று எதுவோ இறங்கிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்... எனக்கு என்னமோ ஆவுது."

மாஸ்டர் குனிந்தார். விரலால் தொட்டு மோந்து பார்த்தார். நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"கருவுடா! மஞ்சக்கரு! பிச்சைமணி முட்டை போட்டுட்டான்டா!"

"போட்டுட்டான் மாஸ்டர்!" என்று சன்னாசி ஜால்ராவை உடையும்படி தட்டினான். அருளப்பன் டிரம்பெட்டில் மாப்பிள்ளை அழைப்பு வாசித்தான். பிச்சைமணிக்கு வெட்கம் தாங்கவில்லை. வலி தெரிந்ததா என்று கேட்டதற்கு, ரெண்டாவது அடியில் லேசாகத் தெரிந்தது என்றான். ஊர்வலம் அப்படியே திரும்பி அங்கம்மாள் வாசலுக்கு வந்தது.

அங்கம்மாள் மைனாவை இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"அக்கா, மத்தவங்க போயிர்றோம். இவனை மட்டும் விட்டுருங்க. இவன் போட்டுட்டான்" என்றார் மாஸ்டர்.

அவள் மஞ்சள் வேட்டியைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். கிழிந்த ஓட்டைக்குள் கையை விட்டாள். ஒரு முழு முட்டை வந்தது. இன்னொன்று வந்தது. உடைந்தது போக, வைக்கோலுக்கு அடியிலிருந்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மடி நிறைந்து, வாசலில் கிடந்த முறமும் நிறைந்தது. கடைசியாக ஒன்றை மட்டும், கைப்பழக்கத்தில், உள்ளேயே விட்டு வைத்தாள். மைனாவை இறக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மனுசங்களாடா நீங்க? சரி, எல்லாரும் இங்கயே இருந்து தொலைங்கடா!"

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி விவாதம் நடந்தது.

"இருங்கன்னுச்சா, தொலைங்கன்னுச்சா?" என்றான் அருளப்பன்.

"ரெண்டும்தான் சொல்லுச்சு" என்றார் மாஸ்டர். "காலையில தொலைஞ்சு போயி, சாயங்காலம் வந்து இருப்போம்."

அதிலிருந்து தினமும் விடிந்ததும் மூன்று பேர் குளக்கரைக்குப் போய்த் தொலைந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினார்கள். பிச்சைமணி மட்டும் போகவில்லை. முட்டை போட்டவன் தொலையத் தேவையில்லை என்று அவனுக்கு விலக்கு இருந்தது. அவன் கொட்டகை மூலையில் டிரம்மின் பக்கத்தில் வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்துவிட்டான்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பேண்டு பேசத் தாம்பூலத் தட்டோடு வந்தார். மாஸ்டர் தட்டைத் தொட்டுக் கும்பிட்டு, வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"மன்னிக்கணுங்க. இந்த முகூர்த்தத்துக்கு முடியாது. எங்க பெரிய டிரம் அடைக்கு உக்காந்திருக்கு."

"உக்காந்திருக்குங்க" என்றான் சன்னாசி.

பெரியவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பிச்சைமணி வேட்டியை விரித்துப்போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கிட்டே வந்தவரைப் பார்த்து உர்ரென்றான்.

"ஏதாச்சும் வைத்தியம் பாக்கக் கூடாதா?" என்றார் பெரியவர் பதறிப்போய்.

"பாக்காம இருப்பமா? தெனம் எட்டு அடை சுட்டுக் குடுக்குறோங்க" என்றான் அருளப்பன். "தின்னுட்டு மறுபடியும் உக்காந்துக்கிறான்."